முட்டுச்சந்தில் எந்தக் கார் திரும்பும்?

தம்பி ஒருவர் கேட்டிருப்பது இதுதான். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு முட்டுச்சந்து. சந்தின் அகலம் வாய்க்கால் மூடியையும் சேர்த்து 16 அடி. இத்தனை வருஷம் மாருதி 800 வைத்திருந்தார்கள், அதை வீட்டு வாசலிலேயே முன்னே பின்னே எடுத்துத் திருப்பிக்கொள்வார்கள், தொந்தரவே இல்லை. இப்போது அதைக் கொடுத்துவிட்டு வேறு வண்டி எடுக்க வேண்டும். மனசில் வைத்திருப்பவை வேகன்ஆர், ஸ்விஃப்ட், ஜிம்னி, அப்புறம் செகண்ட் ஹாண்டில் ஒரு இன்னோவா க்ரிஸ்டா. நண்பர் ஒருவர் "நாலு மீட்டருக்குள் இருக்கிற எந்த வண்டியும் சட்டென்று திரும்பிவிடும், பெரிய வண்டிதான் மக்கர் பண்ணும், பேசாமல் ஜிம்னி எடு" என்று சொன்னாராம். அது சரியா என்று கேட்கிறார்.

சரியில்லை. ஏன் சரியில்லை என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் தப்புக் கணக்குப் போட்டு வண்டி எடுத்துவிட்டு, தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வீட்டுக்குப் போகிறவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். நான் புதுச்சேரியில் மரப்பாலம் பக்கம் வீல் அலைன்மென்ட் வேலை பார்க்கிறவன். தினமும் முன் சக்கரத்துக்கு அடியில் சுழலும் தட்டை வைத்து, எந்த வண்டி எத்தனை டிகிரி ஒடிகிறது என்று பார்ப்பதே என் பிழைப்பு.

நண்பர் சொன்னதிலிருந்தே ஆரம்பிப்போம். இந்தியாவில் விற்கும் ஐந்து கதவு ஜிம்னியின் நீளம் 3.985 மீட்டர். க்ரிஸ்டா 4.735 மீட்டர், அதாவது முக்கால் மீட்டர் கூடுதல். ஆனால் கம்பெனி கொடுக்கும் டர்னிங் ரேடியஸ், அதாவது ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் வண்டி போடும் வட்டத்தின் ஆரம், ஜிம்னிக்கு 5.7 மீட்டர், க்ரிஸ்டாவுக்கு 5.4 மீட்டர். குட்டி ஜிம்னிக்குத்தான் பெரிய வட்டம் வேண்டும். ஜிம்னி நல்ல வண்டி, மலையிலும் மணலிலும் அதன் வேலையே வேறு, அதை நான் குறை சொல்லவில்லை. நீளத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாது என்பதற்கு இதைவிடப் பளிச்சென்று ஒரு உதாரணம் எனக்குத் தெரியாது.

வழக்கமான வண்டி திரும்பும்போது பின் சக்கரங்கள் ஒடிவதில்லை, நேராகவே உருண்டு முன் சக்கரங்களுக்குப் பின்னால் இழுபட்டு வருகின்றன. அதனால் வண்டி சுற்றும் வட்டத்தின் மையப் புள்ளி எப்போதும் பின் ஆக்ஸிலின் நேர்கோட்டிலேயே எங்கோ பக்கவாட்டில் விழும். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிக்கிறோமோ அந்த அளவுக்குப் புள்ளி வண்டிக்கு நெருங்கி வரும். ஆக வட்டம் சின்னதாக வேண்டுமென்றால் இரண்டே வழி: முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன் சக்கரம் அதிகமாக ஒடிய வேண்டும். பானெட் நீளமும் டிக்கி நீளமும் இந்தக் கணக்கில் வரவே வராது. (வேறு இடத்தில் வரும், அதைப் பின்னால் சொல்கிறேன்.)

கணக்கும் சுலபம்தான். வீல்பேஸை டர்னிங் ரேடியஸால் வகுத்தால் வெளிப்பக்க முன் சக்கரம் ஒடியும் கோணத்தின் சைன் மதிப்பு கிடைக்கும், பத்தாம் வகுப்புக் கணக்கு. ஸ்விஃப்ட்டின் வீல்பேஸ் 2.45 மீட்டர், ரேடியஸ் 4.8. வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 31 டிகிரி. க்ரிஸ்டாவுக்கு 2.75, 5.4. அதுவும் ஏறக்குறைய 31 டிகிரி! இரண்டு வண்டியின் சக்கரமும் ஒரே அளவுதான் ஒடிகிறது, க்ரிஸ்டாவின் வட்டம் பெரிதாவது வீல்பேஸ் நீளத்தால் மட்டுமே. ஜிம்னிக்கு 2.59, 5.7. 27 டிகிரிதான் வருகிறது. ஜிம்னியில் முன்பக்கம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கட்டையான ஆக்ஸில், அதற்குள்ளேயே நாலு சக்கர ஓட்டத்துக்கான ஷாஃப்டும் ஜாயின்டும் இருக்கின்றன. அந்த அமைப்பு பள்ளம் மேட்டில் வண்டியைக் காப்பாற்றும், சந்தில் கொஞ்சம் விலை வாங்கும். வெளிநாட்டில் ஓடும் மூன்று கதவு ஜிம்னிக்கு வீல்பேஸ் 2.25, ரேடியஸ் 4.9. வகுத்துப் பாருங்கள், அங்கேயும் அதே 27 டிகிரிதான். கதவைக் கூட்டுவதற்காக நடுவில் 34 சென்டிமீட்டர் நீட்டினார்கள், சக்கரம் ஒடியும் கோணம் அப்படியே இருந்தது, வட்டத்தின் ஆரம் 80 சென்டிமீட்டர் கூடிவிட்டது.

சக்கரத்தை ஏன் இன்னும் ஒடிக்கக் கூடாது என்று கேட்பீர்கள். இன்றைக்கு ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றில் என்ஜின் முன்னால் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும், அது இழுப்பதும் முன் சக்கரத்தையே. திரும்புகிற சக்கரத்துக்கே சக்தியும் போக வேண்டும் என்பதால் நடுவில் ஷாஃப்ட் ஜாயின்ட் இருக்கிறது, அது ஒரு அளவுக்கு மேல் மடங்காது. டயர் உள்ளே வந்து இடிக்காமல் இருக்க பாடியின் கீழ்க்கட்டையும் என்ஜினும் இடம் விட வேண்டும். இந்த இரண்டு தொல்லையும் இல்லாத வண்டிகளைப் பாருங்கள், எப்படிச் சுழல்கின்றன என்று. டாட்டா நானோவில் என்ஜின் பின்னால். முன்னால் ஷாஃப்டும் இல்லை, என்ஜினும் இல்லை. ரேடியஸ் 4 மீட்டர், சக்கரம் கிட்டத்தட்ட 34 டிகிரி ஒடியும். அந்த வண்டியைப் பற்றி யார் என்ன சொன்னாலும், நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கமெல்லாம் அது திரும்பிய அழகை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஹோண்டா இ என்று ஒரு மின்சாரக் கார், நம் ஊருக்கு வரவில்லை, அதில் மோட்டார் பின்னால். வீல்பேஸ் ஸ்விஃப்ட்டைவிடக் கூடுதலாக 2.53 மீட்டர் இருந்தும் ரேடியஸ் 4.3 மீட்டர்தான். லண்டன் கறுப்பு டாக்சிக்கு 25 அடி வட்டத்துக்குள் திரும்ப வேண்டும் என்று 1906லேயே விதி போட்டுவிட்டார்கள். அந்த விதிக்காகவே முன் சக்கரம் நன்றாக ஒடியும்படி தனியாக வண்டி கட்டினார்கள். 25 அடி என்பது நம் மாருதி 800க்குத் தேவைப்படுவதைவிட நாலு அடி குறைவு. அவ்வளவு பெரிய டாக்சி!

ஒன்றைக் கவனியுங்கள், திரும்பும்போது இரண்டு முன் சக்கரமும் ஒரே கோணத்தில் ஒடிவதில்லை. உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்தில் போகிறது, வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது, அதனால் உள்பக்கம் அதிகம் ஒடிந்தால்தான் டயர் தேயாமல் உருளும். இதை 1817இல் ம்யூனிக்கில் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த லாங்கன்ஸ்பெர்கர் என்பவர் கண்டுபிடித்தார். அவருடைய ஏஜென்டாக இருந்த ஆக்கர்மன் அடுத்த வருஷம் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். உழைத்தவர் ஒருவர், இன்றைக்கும் எங்கள் தொழிலில் சொல்லப்படுவது மற்றவர் பேர். எனக்கு இதில் எப்போதும் ஒரு வருத்தம் உண்டு.

சரி, இப்போது ஷோரூமில் நடக்கும் ஒரு குழப்பம். என் மாமா ஒருவர் வண்டி பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். எந்தக் கடை என்பது வேண்டாம். விற்பனைக்கு நின்ற பையன் "சார், டர்னிங் 5.2 மீட்டர்தான், 17 அடி ரோடு இருந்தால் போதும், ஒரே கட்டில் திரும்பிவிடும்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கே அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் காகிதத்தில் போட்டிருப்பது ஆரம், அதாவது வட்டத்தில் பாதி. ரோட்டில் யூ டர்ன் அடிக்க முழு விட்டம் வேண்டும். 5.2 மீட்டர் என்றால் 10.4 மீட்டர், 34 அடி. மாமா அதை நம்பி அட்வான்ஸ் கொடுக்கப் போனார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அடியிலேயே சொல்கிறேன், நம் ஊரில் தெருவை மீட்டரில் யாரும் அளப்பதில்லை. மாருதி 800க்கு 29 அடி. ஆல்டோ 800 என்றால் 30. வேகன்ஆர் 4.7 மீட்டர் ரேடியஸ், ஆக 31 அடி. ஸ்விஃப்ட்டுக்கு 31½. க்ரிஸ்டாவுக்கு 35½. பழைய அம்பாசடருக்கும் அதே 35½ தான், அந்தக் காலத்து டிரைவர்கள் எப்படித் திருப்பினார்களோ தெரியவில்லை, பவர் ஸ்டியரிங்கும் கிடையாது. ஜிம்னிக்கு 37½, ஃபார்ச்சூனருக்கு 38. கீழே வந்தால் எம்ஜி காமெட்டுக்கு 27½ அடி, ஆம்னிக்கு 27, நானோவுக்கு 26. குட்டி யானைக்கு 28 அடி போதும், அதனால்தான் அது சாமான் ஏற்றிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் நுழைகிறது. பஜாஜ் ஆட்டோவுக்கு ரேடியஸ் 2.88 மீட்டர், வட்டம் 19 அடிதான். மஞ்சக்குப்பத்தில் நீங்கள் காரை நிறுத்தி ரிவர்ஸ் போட்டுக்கொண்டிருக்கும்போது ஆட்டோக்காரர் பக்கத்தில் ஒரே வெட்டில் திரும்பிப் போகிறார் என்றால், அவருடைய திறமையோடு முன்னால் இருக்கும் அந்த ஒற்றைச் சக்கரத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஒற்றைச் சக்கரத்தைத் தடுக்க என்ஜினோ ஷாஃப்டோ பக்கத்தில் கிடையாது, அது இஷ்டத்துக்கு ஒடியும்.

இன்னொன்று. இந்த அளவு எல்லாம் டயர் தரையில் போடும் கோட்டை வைத்துச் சொல்வது. வண்டியின் மூக்கு டயருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, அந்த மூலை டயரைவிடப் பெரிய வட்டத்தில் சுற்றும். ஸ்விஃப்ட்டுக்கு நான் போட்ட கணக்கில் பம்பர் மூலைக்கு ஆரத்தில் சுமார் ஒரு அடி, ஒன்றரை அடி கூடுகிறது. ஓரத்தில் தாழ்ந்த நடைபாதையோ மண்ணோ இருந்தால் மூக்கு அதன் மேல் காற்றில் போய்விடும், பிரச்சினை இல்லை. மதில் சுவரோ மின்கம்பமோ இருந்தால் அது இடிக்கும். பானெட் நீளம் கணக்கில் வரும் இடம் இதுதான். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உயரமான மதில்கள் தெருவை ஒட்டியே எழும்பி நிற்கும், அங்கே டயர் கணக்கை நம்பினால் பெயின்ட் போய்விடும்.

நல்லவேளையாக அங்கே யூ டர்ன் அடிக்கவே வேண்டியதில்லை. அந்தத் தெருக்கள் கட்டம் கட்டமாகப் போட்டவை, டச்சுக்காரர்கள் 1693இல் ஊரைப் பிடித்து வைத்திருந்த சில வருஷத்தில் போட்ட வரைபடம்தான் அதற்கு அடிப்படை என்று சொல்வார்கள். வழி தவறினால் அடுத்த மூலையில் ஒடித்து, மறுபடி ஒடித்து, ஒரு சுற்று வந்துவிட்டால் போதும். ஒருவழிப் பாதை போர்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடலூரில் முதுநகர் பக்கமும் உங்கள் கோயில் பக்கமும் அந்த வசதி கிடையாது, தெரு எங்கே வளையும், எங்கே முடியும் என்று அதற்கே தெரியாது.

இப்போது உங்கள் சந்துக்கு வருவோம். மேலே சொன்ன ரேடியஸ் கணக்கெல்லாம் லாரன்ஸ் ரோட்டிலும் நெல்லிக்குப்பம் ரோட்டிலும் உதவும். 16 அடி சந்தில் எந்தக் காரும் ஒரே கட்டில் திரும்பாது, உங்கள் 800ம் திரும்பியதில்லை, முன்னே பின்னே எடுத்துத்தான் திருப்பினீர்கள். அப்படித் திருப்பும்போது ஒரு கட்டத்தில் வண்டி தெருவுக்குக் குறுக்கே முழுசாக நிற்கும். அந்த நேரத்தில் வண்டியின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள தூரம், அதாவது மூலைவிட்டம், சந்தின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் எத்தனை முறை முன்னே பின்னே போனாலும் திரும்பாது, டர்னிங் ரேடியஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

16 அடி என்றால் 4.88 மீட்டர். மாருதி 800 நீளம் 3.335, அகலம் 1.44, மூலைவிட்டம் 3.63 மீட்டர். உங்களுக்கு நாலு அடி மிச்சம் இருந்திருக்கிறது, அதனால்தான் தொந்தரவு தெரியவில்லை. வேகன்ஆருக்கு மூலைவிட்டம் 4 மீட்டர், மிச்சம் 88 சென்டிமீட்டர், மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்விஃப்ட்டுக்கு 4.23, மிச்சம் 65 சென்டிமீட்டர். ஜிம்னிக்கு 4.31, மிச்சம் 57. க்ரிஸ்டாவுக்கு 5.08 மீட்டர். அது உங்கள் சந்தில் எந்த டிரைவர் உட்கார்ந்தாலும் திரும்பாது. பம்பர் மூலைகள் உருண்டையாக இருப்பதால் எல்லா வண்டிக்கும் கொஞ்சம் இடம் கூடக் கிடைக்கும், ஆனால் க்ரிஸ்டாவைக் காப்பாற்ற அது போதாது. நெருக்கித் திருப்பினாலும் வாய்க்கால் மூடி மேல் சக்கரம் ஏறி நிற்கும், அந்தக் கடப்பாக்கல் வண்டி எடையைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். மூடி உடைந்து சக்கரம் வாய்க்காலில் இறங்கி, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் வளைந்து என்னிடம் வந்த வண்டிகள் கொஞ்சநஞ்சம் இல்லை, அதிலும் மழைக்காலத்தில்.

மிச்சம் 65 சென்டிமீட்டர் என்றால் கேட்க நிறைய மாதிரி இருக்கும். சுவரோரம் அரை அடி, அந்தப் பக்கம் அரை அடி பயத்துக்கு விட்டால், வண்டி குறுக்கே நிற்கும்போது அசைய ஒரு அடிதான் இருக்கிறது. ஆறேழு தடவை முன்னே பின்னே ஒடிக்க வேண்டும். தினமும் காலையில் ஸ்கூல் அவசரத்தில் அதைச் செய்ய முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட நான் சொல்வது, சந்துக்குள் ரிவர்ஸில் வாருங்கள், காலையில் நேராக முன்பக்கமாக வெளியே போங்கள். சந்து முனையைத் தாண்டி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, பின் சக்கரத்தைச் சந்து முனைச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி வைத்து, அங்கிருந்து ஃபுல்லாக ஒடித்துப் பின்னால் விட்டால் வால் தானாகச் சந்துக்குள் போகும். முன் மூக்குதான் பெரிய தெருப் பக்கம் அகலமாக வீசும், அங்கே இடம் இருக்கிறது, எதிரே வண்டி வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். முன்பக்கமாக நுழைந்தால் அந்த வீச்சு சந்துக்குள் நடக்கும், அங்கே இடம் குறைவு. பழகப் பத்து நாள் ஆகும். அப்படி ஓட்டப் பழகிவிட்டால் க்ரிஸ்டாகூட உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.

ஆனால் அதற்கு முன்னால் முனையில் திரும்ப வேண்டுமே, அதையும் பார்க்க வேண்டும். திரும்பும்போது உள்பக்கப் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே தள்ளி வெட்டிக்கொண்டு வரும். வீல்பேஸ் நீளமாக நீளமாக அந்த வெட்டும் பெரிதாகும். முன்பக்கம் நன்றாகத் தாண்டிவிட்டது என்று நினைத்து விட்டால் பின் கதவு திண்ணை முனையில் உரசும். பெரிய தெருவும் சந்தும் ஒரே அகலமாக இருந்து நேர் மூலையாகத் திரும்ப வேண்டுமென்றால், ஒரே மூச்சில் திரும்ப வேகன்ஆருக்கு சுமார் 11 அடி, ஸ்விஃப்ட்டுக்கு பதினொன்றேகால், க்ரிஸ்டாவுக்கு பன்னிரண்டரை அடி என் கணக்கில் வருகிறது. இது உரசாமல் போவதற்கான அளவு, கண்ணாடிக்கும் கைநடுக்கத்துக்கும் மேலே ஒன்றரை அடி சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சந்து 16 அடி என்பதால் முனையில் எந்த வண்டிக்கும் கஷ்டம் இருக்காது, அங்கே யாரும் பைக் நிறுத்தாத வரைக்கும்.

ஸ்டியரிங் லேசாக இருந்தால் வண்டி நன்றாகத் திரும்பும் என்று நினைப்பவர்கள் நிறைய. பவர் ஸ்டியரிங் உங்கள் கை வலியைத்தான் குறைக்கும், வட்டத்தைக் குறைக்காது. வட்டத்தை உண்மையிலேயே குறைக்கும் தொழில்நுட்பம் பின் சக்கரத்தையும் எதிர்ப்பக்கம் ஒடிப்பதுதான். மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் 5 மீட்டருக்கு மேல் நீளம், வீல்பேஸ் 3.21 மீட்டர், பின் சக்கரம் 10 டிகிரி ஒடியும் அமைப்போடு வந்தால் 10.9 மீட்டர் வட்டத்தில் திரும்பிவிடுகிறது, ஏறக்குறைய க்ரிஸ்டா அளவு. ஹோண்டா ப்ரெல்யூடில் 1987லேயே பின் சக்கரம் ஒடிந்தது. நம் விலையில் அது வரும் நாள் வந்தால் முதல் ஆளாக நான் சந்தோஷப்படுவேன்.

இனிமேல் சொல்வதைத்தான் ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள், தயவுசெய்து மனசில் வையுங்கள். காகிதத்தில் போட்ட ரேடியஸ் புது வண்டிக்கு. உங்கள் கையில் இருக்கும் வண்டிக்கு அது உண்மையா என்பது ஸ்டியரிங் ரேக்கும் (ஸ்டியரிங்கைச் சுற்றினால் இடமும் வலமும் ஓடும் பல் தண்டு) இரண்டு டை ராடும் (அந்தத் தண்டை முன் சக்கரங்களோடு இணைக்கும் கம்பிகள்) எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ரேக் இடது பக்கம் ஓடும் தூரமும் வலது பக்கம் ஓடும் தூரமும் சமம். இரண்டு டை ராடும் சம நீளத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்பும். அலைன்மென்ட் பண்ணும்போது சோம்பேறித்தனமாக ஒரு பக்க டை ராடை மட்டும் திருகி டோ அளவை, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிற்கும் அளவை, சரி பண்ணிவிட்டால் ஸ்டியரிங் வீல் கோணலாகும். அதை மறைக்க ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டிவிடுவார்கள். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் ரேக் நடுவில் இருக்காது, வண்டி ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும், மறுபக்கம் குறைவாகத்தான் திரும்பும். அந்தக் குறை வலப்பக்கம் விழுந்தால் தொல்லை. நம் நாட்டில் யூ டர்ன் எல்லாம் வலப்பக்கம்தானே.

எனக்கே இது நடந்தது. இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால், அப்பாவின் பழைய காரை ஒரு கடையில் விட்டு எடுத்தோம். அதற்கப்புறம் அரியாங்குப்பத்தில் எப்போதும் ஒரே கட்டில் திரும்பும் இடத்தில் வண்டி ஓரக்கல்லில் போய் முட்டியது. அப்பா தனக்கு வயதாகிவிட்டது, கை ஓடவில்லை என்று நினைத்து ஓட்டுவதையே குறைத்துக்கொண்டார். ஏழெட்டு மாசம் கழித்து வேறொரு பெரியவர் வண்டியைக் குழியில் ஏற்றி, இரண்டு டை ராடின் மரையையும் விரலால் எண்ணிக் காட்டினார். ஒரு பக்கம் ஒன்பது மரை வெளியே தெரிந்தது, மறுபக்கம் இருபதுக்கு மேல். அதைச் சரி பண்ணியதும் அதே இடத்தில் அப்பா ஒரே கட்டில் திருப்பினார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்துத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

டயரையும் பாருங்கள். அழகுக்காக அகல டயரும் வெளியே தள்ளிய அலாயும் போட்டால், ஃபுல்லாக ஒடிக்கும்போது டயர் உள் மட்கார்டில் உரசும். சத்தத்துக்குப் பயந்து டிரைவர் கடைசி வரைக்கும் ஒடிப்பதையே விட்டுவிடுவார். செகண்ட் ஹாண்டில் எடுக்கும்போது ஃபுல்லாக ஒடித்து மெதுவாக வட்டம் போடச் சொல்லுங்கள். முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் "கட கட" என்று சத்தம் வந்தால் ஷாஃப்ட் ஜாயின்ட் போயிருக்கிறது, ரப்பர் பூட் கிழிந்து மண் உள்ளே போயிருக்கும். தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்திலேயே நின்ற வண்டி என்றால் உப்புக் காற்றில் டை ராடின் நட்டெல்லாம் துரு பிடித்து இறுகியிருக்கும், அதையும் குனிந்து பாருங்கள்.

நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைச் சுற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வண்டி ஒரு சாண் அசைய ஆரம்பித்ததும் சுற்றுங்கள், டயரும் ரேக்கும் உங்களை வாழ்த்தும்.

டெஸ்ட் டிரைவுக்கு வண்டி கொடுத்தால் ரவுண்டானா வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடாதீர்கள். ஏதாவது காலி மண் தரைக்கு எடுத்துப் போங்கள். வலப்பக்கம் ஃபுல்லாக ஒடித்து, கிளட்சை விட்டு நடை வேகத்தில் ஒரு முழு வட்டம் போடுங்கள். வெளிப்பக்க முன் டயரின் தடம் மண்ணில் விழும். ஒரு கோடியிலிருந்து எதிர்க்கோடிக்கு டேப்பைப் பிடித்து அளந்துவிடுங்கள், அதுதான் உங்கள் வண்டியின் உண்மையான வட்டம். அப்படியே இடப்பக்கமும் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரு அடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், செகண்ட் ஹாண்ட் வண்டியாக இருக்கும்பட்சத்தில், விலை பேசுவதற்கு முன் அலைன்மென்ட் கடையில் காட்டுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் நாலு வண்டியில் வேகன்ஆர்தான். நீளம் 3.655 மீட்டர், வட்டம் ஸ்விஃப்ட்டைவிடக் குறைவு, சந்தில் குறுக்கே நிறுத்தினாலும் கிட்டத்தட்ட மூன்றடி மிச்சம், அப்பா அம்மா குனியாமல் ஏறி உட்காரலாம். ஸ்விஃப்ட் மேல் ஆசை என்றால் எடுங்கள், ரிவர்ஸில் வீட்டுக்கு வரப் பழகிக்கொள்ளுங்கள். வாரா வாரம் ஏழு பேர் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மட்டும் க்ரிஸ்டாவை யோசியுங்கள். ஜிம்னி உங்கள் சந்துக்கு வேண்டாம். காமெட் மிக நன்றாகத் திரும்பும், 2.974 மீட்டர்தான் நீளம், ஆனால் வீட்டுக்கு அது ஒரே வண்டி என்றால் சாமான் வைக்கக் கஷ்டப்படுவீர்கள்.

ஒரே ஒரு வேலை பாக்கி. நீங்கள் சொன்ன 16 அடி எப்போது அளந்தது? பகலில் அளந்திருந்தால் ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடியும் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். எதிர் வீட்டு பைக் ஸ்டாண்ட் போட்டு நிற்கும், யாராவது படிக்கட்டுக்கு முன்னால் பைக் ஏற்ற சரிவு கட்டியிருப்பார்கள், மின்கம்பம் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி நிற்கும். அதையெல்லாம் கழித்துவிட்டு வரும் அளவை எழுதுங்கள், மூலைவிட்டக் கணக்கை மறுபடி போட்டுச் சொல்கிறேன்.